கிளிமீனின் வாய்

யுத்தம் முடிந்து, கொழும்பு மீன் வியாபாரிகள் எங்கள் ஊர் குறிஞ்சிப்பிட்டிக்கு வரத் தொடங்கிய காலம். நானும், என்னை அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடும் அடுத்த வீட்டு ரியாஸும் சீமெந்துத் தொட்டிகளில் அலங்கார மீன் வளர்த்தோம். என்னிடம் கப்பி மீன்கள். அவனோ இரண்டு வேறு இன மீன்களைச் சேர்த்துச் சிவப்புக் கிளிமீன் உண்டாக்கினான். வியாபாரியின் வேன் என் வீட்டுக் கேற்றைத் தாண்டி அவன் வாசலில்தான் நிற்கும். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

அந்த மீனில் என்ன குறை என்று தேடித் தேடி வாசித்தேன். கிடைத்தது. நோன்புப் பெருநாள் கழிந்த முதல் வெள்ளி, ஜும்ஆ முடிந்து வந்தவர்கள் நடுவே அவனைப் பிடித்தேன்.

“அந்த மீனுக்கு வாய் மூடுதா ரியாஸ்? கலப்பால வந்த ஊனம் அது. தீனியக் கவ்வ ஏலாமத் தவிக்குது. அத வித்துத் திங்கிறியே!”

“உங்கட கப்பிக்கு வாய் மூடுது நானா. வேன்தான் நிக்குதில்ல!”

எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை மதிலுக்கு மேலால் கூப்பிட்டான்.

“தீனி போட்டுப் பக்கத்துல இருந்து பார்த்தன் நானா. நீங்க சொன்னது சரி. சோடியப் பிரிச்சிட்டன். இனி அந்தக் குஞ்சு வேணாம்.”

அடுத்த கிழமை வேன் என் வாசலில் நின்றது.

“அவர் இனிச் செய்ய மாட்டாராம். நீங்க செய்வீங்களா?” என்று வியாபாரி கேட்டார்.

மாட்டேன் என்றுதான் சொன்னேன். ஆனால் அதைச் சொல்வதற்குள், எந்தத் தொட்டியைக் காலியாக்கலாம் என்று மனதுக்குள் பார்த்துவிட்டேன்.

ரியாஸ்மேல் எனக்கு இன்னும் பொறாமைதான். நான் சொன்னதை நான் நம்புவதற்கு முன்பே அவன் நம்பிவிட்டான்.