பதினேழாம் இலக்கம்

தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவில் சுவாமி அறிவித்தல் வாசித்தபோது நான் கூரையில் ஓடாத மின்விசிறிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டில் ஐந்து. அதனால் அறிவித்தலின் முதல் வசனம் தவறிப்போனது. மகள் முழங்கையால் இடித்த பிறகுதான் காது கொடுத்தேன்.

பல நாட்டு இளைஞர்கள் சேர்ந்த கலைக்குழு ஒன்று அடுத்த ஞாயிறு மன்னாருக்கு வருகிறதாம். ஒரு கிழமை நிற்குமாம். பகலில் பாலர் பாடசாலைகளுக்கு வர்ணம் பூசுவார்கள், கீரிக் கடற்கரையில் குப்பை பொறுக்குவார்கள். சனிக்கிழமை மாலை மண்டபத்தில் பாட்டும் ஆட்டமும். வருடம் முழுக்க ஊர் ஊராக, நாடு நாடாக இதுதான் அவர்களுடைய வேலை. விடுதிகளில் தங்கமாட்டார்கள், அந்தந்த ஊர் வீடுகளில்தான் தங்குவார்கள்.

"இருபத்தைந்து பேர் வருகினம். வீட்டுக்கு ரெண்டு பேர். விருப்பமான ஆக்கள் பேரைத் தாங்கோ" என்றார் சுவாமி.

இருபத்தைந்தை இரண்டால் வகுத்தால் பன்னிரண்டரை. அரை ஆளை யார் பொறுப்பெடுப்பது? இதைச் சுட்டிக்காட்டாமல் வீட்டுக்குப் போக என்னால் முடியவில்லை. பூசை முடிந்ததும் சுவாமியிடம் போய்ச் சொன்னேன்.

"ஓம் ஐயா, ஒரு வீட்டுக்கு ஒராள்தான் வரும். அப்ப அதை உங்கடை வீட்டுக்கே போடுறன்" என்று அவர் அந்த இடத்திலேயே எழுதிக்கொண்டார். கணக்குச் சொல்லப் போன நான் விருந்தாளியோடு திரும்பினேன்.

குழுவில் உண்மையில் இருபத்தாறு பேர் இருந்தார்களாம். போன மாதம் ஒருவர் சுகமில்லாமல் நாடு திரும்பிவிட்டார். அந்த ஒரு இடத்துக்கு இந்தப் பயணத்திலேயே ஒரு பிள்ளையைத் தேடுகிறார்கள் என்பதையும் சுவாமி சொன்னார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் என் பேத்தி தட்டைப் பார்த்தபடி, "எனக்குப் போகவேணும்" என்றாள்.

மகளின் ஒரே பிள்ளை அவள். வயது பத்தொன்பது. தகப்பன் கட்டாரில் வேலை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கிப் பதினொரு மாதம். அந்தப் பதினொரு மாதத்தில் அவள் தனக்கென்று கேட்ட முதலாவது விஷயம் இது.

அவளுடைய குரலைப் பற்றிச் சொல்லவேண்டும். கடையில் அவள் ஒரு கிலோ சீனி கேட்டால் கடைக்காரர் என்னைப் பார்ப்பார். நான் "ஒரு கிலோ சீனி" என்பேன். எங்கள் பக்கத்தில் இதை யாரும் குறையாக நினைப்பதில்லை. பிள்ளையிடம் பெயர் கேட்டால் தாய் சொல்வாள். என்ன வகுப்பு என்று கேட்டால் தகப்பன் சொல்வார். எங்கே நோகிறது என்று டொக்டர் கேட்டால் கூட வந்த மூன்று பேரும் மூன்று இடத்தைக் காட்டுவார்கள். பிள்ளை கதிரையில் காலை ஆட்டிக்கொண்டிருக்கும்.

அவள் போகக்கூடாது என்பதற்கு என்னிடம் முப்பத்தெட்டுக் காரணங்கள் இருந்தன. முதலாவது, தொலைந்துபோவாள்.

"கண்காணாத ஊரிலை பஸ் மாறி ஏறினால் என்ன செய்யும் இந்தப் பிள்ளை?" என்றேன் மகளிடம்.

"அப்பா, நீங்கள் இஞ்சை மன்னார் பஸ் ஸ்டாண்டிலையே நாலு தரம் மாறி ஏறினனீங்கள்."

"ஐஞ்சு தரம்" என்று திருத்தினேன். முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கச்சேரியில் புள்ளிவிபரப் பிரிவில் இருந்தவன், பிழையான எண்ணைத் திருத்தாமல் விடமுடியாது.

போகவேண்டும் என்பதற்கு ஒரே ஒரு காரணம்தான். அவள் வாய் திறந்து கேட்டிருந்தாள். முப்பத்தெட்டையும் அதையும் இரண்டு நாள் மாறி மாறி நிறுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அந்த ஒன்றுதான் பாரமாக இருந்தது. போகட்டும் என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்த நிமிடத்திலிருந்து புதிய பயம் பிடித்தது. இந்தக் குரலோடு இவளை யார் எடுப்பார்கள்?

எங்கள் வீட்டுக்கு வந்தவள் பிரேசில் நாட்டுப் பெண். கதவு நிலையில் முதல் நாள் இரண்டு தரம் தலையை அடித்துக்கொண்டாள், பிறகு குனிந்தாள். காலைச் சாப்பாட்டில் பதினொரு இடியப்பம். பேத்தி கூப்பிடும் அம்மப்பா என்பது என் பெயர் என்று நினைத்து, தெருவில் கண்ட எல்லாரிடமும் தான் திருவாளர் அம்மப்பா வீட்டில் இருப்பதாகச் சொன்னாள். தெருவில் ஒரு கழுதையைக் கண்டு மகிழ்ந்து படம் எடுத்தாள். அடுத்ததையும் எடுத்தாள். முப்பதாவது கழுதைக்குப் பிறகு கைப்பேசியில் இடமில்லை என்றாள்.

திங்கட்கிழமை மண்டபத்தில் அவர்களுடைய ஒத்திகையைப் பார்க்கப் போனேன். ஆட்டம் தொடங்க முன்னர் ஒரு பையன் கையைத் தட்டி, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று ஆங்கிலத்தில் எண்ணினான். எல்லாரும் ஆடத் தொடங்கினார்கள். நான் எழும்பிவிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எங்கே? அடுத்த ஆட்டமும் ஐந்திலிருந்துதான். அதோடு எட்டுக்கு மேல் போவதும் இல்லை, திரும்ப ஒன்றுக்கு வந்துவிடுகிறார்கள். குழுத் தலைவி பெல்ஜியம் நாட்டுக்காரி, நாற்பது வயதிருக்கும், எந்த நேரமும் கையில் ஒரு நீலக் கொப்பி. அவளிடம் போய்க் கேட்டேன். முதல் நான்கையும் ஒவ்வொருவரும் மனதுக்குள் எண்ணிக்கொள்வார்கள் என்று அவள் பொறுமையாக விளக்கினாள். மனதுக்குள் எண்ணியதை யார் சரிபார்ப்பது என்று கேட்டேன். அவள் கொப்பியில் ஏதோ எழுதினாள்.

அடுத்த நாள் சுவாமியின் கந்தோர் அறையில் பேத்திக்கு நேர்முகம். பாட்டுப் பாடு, ஆடிக் காட்டு என்று ஒன்றும் கேட்கவில்லை. அதெல்லாம் பழக்கிக்கொள்ளலாமாம். ஆள் எப்படிப்பட்டவள் என்பதுதான் அவர்களுக்குத் தெரியவேண்டும். மகளுக்கு ஆங்கிலம் போதாது என்பதால் வீட்டார் சார்பில் நான் பக்கத்தில் இருந்தேன். தலைவி மூன்று கேள்விகள் கேட்டாள். ஏன் சேர விரும்புகிறாய்? எதற்குப் பயப்படுவாய்? தெரியாதவர்களோடு எப்படிப் பழகுவாய்? மூன்றுக்கும் நல்ல பதில்கள் சொல்லப்பட்டன. மூன்றையும் சொன்னது நான்.

தலைவி கொப்பியை மூடினாள். திருவாளர் அம்மப்பாவை இப்போது நன்றாகத் தெரிந்துகொண்டதாகவும், வெள்ளிக்கிழமை பேத்தியைச் சந்திக்க விரும்புவதாகவும் சொன்னாள்.

"அந்த ஒரு இடத்துக்கு உங்களை எடுத்துப்போட்டினமோ, அப்பா?" என்றாள் மகள், நாங்கள் படலையைத் திறக்க முன்னரே. சுவாமி தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

அந்தக் கிழமை முழுக்கப் பேத்தி குழுவோடு வேலைக்குப் போகலாம் என்று தலைவி சொல்லியிருந்தாள். நானும் கூடப் போனேன். கேட்டுக்கொண்டு போகவில்லை, போய் பஸ்ஸில் இருந்துவிட்டேன். கழுத்து திரும்பாத வியாதிக்காரன் என்று சாரதிக்குப் பக்கத்து இருக்கையைத் தந்தார்கள்.

அந்த பஸ்ஸில்தான் என் மனதுக்குப் பிடித்த ஒரு வழக்கத்தைக் கண்டேன். குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கம். ஏறி இருந்ததும் முதலாமவர் 'ஒன்று' என்று கத்துவார், அடுத்தவர் 'இரண்டு', இப்படியே இருபத்தாறு வரை. கடைசி இலக்கம் கேட்டால்தான் வண்டி நகரும். ஐந்திலிருந்து எண்ணுகிற பாவத்தை இதற்காக மன்னித்தேன். நாடு திரும்பியவரின் இலக்கம் பதினேழு. அதை என் பேத்திக்குக் கொடுத்தார்கள்.

பதினாறாம் இலக்கம் ஒரு கொரியப் பையன், கோயில் மணி போலக் கத்துவான். அதற்குப் பிறகு ஒரு மெல்லிய மூச்சுக் கேட்கும். அதுதான் பதினேழு. "பதினேழு?" என்று தலைவி திரும்பக் கேட்பாள். மறுபடியும் ஒரு மூச்சு. இரண்டு நாளில் ஆறு தரம் இப்படி நடந்தது. ஒவ்வொரு தரமும் தலைவி கொப்பியைத் திறக்கிற சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பேன்.

வியாழக்கிழமை வங்காலையில் ஒரு பாலர் பாடசாலைக்கு மஞ்சள் வர்ணம் பூசினோம். பூசினார்கள், நான் சுவரில் விடுபட்ட இடங்களைக் காட்டினேன். பின்னேரம் எல்லாரும் பஸ்ஸில் ஏறினோம். தலைவி பின்பக்கத்தில் வர்ணத் தகரங்களை ஏற்றிக்கொண்டு நின்றாள். எண்ணத் தொடங்கினார்கள். கொரியப் பையன் பதினாறு என்றான்.

பிறகு சத்தமில்லை. காதைக் கூர்மையாக்கிப் பார்த்தேன், அந்த மூச்சுக்கூடக் கேட்கவில்லை. ஒரு விநாடி, இரண்டு விநாடி. இந்தப் பிள்ளை தன் இடத்தைத் தானே கெடுத்துக்கொள்கிறதே! கழுத்தைத் திருப்ப முடியாமல் முன்கண்ணாடியைப் பார்த்தபடி, "செவன்டீன்!" என்று கத்தினேன்.

பின்னால் சிரிப்புக் கேட்டது. கிழவர் பேத்திக்காகக் கத்துகிறார் என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பதினெட்டு, பத்தொன்பது என்று கணக்கு ஒழுங்காக ஓடி இருபத்தாறில் முடிந்தது. தலைவி ஏறிக் கதவைச் சாத்தினாள். பஸ் புறப்பட்டது.

மன்னார்ப் பாலத்துக்குப் போகும் வழியில், களப்புத் தண்ணீரில் பூநாரைகள் நின்றன. பிள்ளைகள் கூச்சல் போட்டு வண்டியை நிறுத்தி இறங்கினார்கள். நானும் இறங்கிப் பூநாரைகளை எண்ணத் தொடங்கினேன். அவை நடந்துகொண்டே இருப்பதால் எண்ணுவது மிகவும் சிரமம். இருநூறைத் தாண்டியபோது பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். வர்ண மணமும் மீன் மணமும் சேர்ந்து அடித்தது.

"அம்மப்பா" என்றது ஒரு மெல்லிய குரல்.

"குழப்பாதை பிள்ளை. இருநூற்றுப் பன்ரெண்டு."

அவள் குழப்பவில்லை. எல்லாரும் மறுபடி ஏறினோம், மறுபடி இலக்கம் சொன்னார்கள். கொரியப் பையன் பதினாறு என்றான். இந்த முறை நான் காத்திருக்கவேயில்லை.

"செவன்டீன்!" என்றேன். அதே கணத்தில் பின்னாலிருந்தும் ஒரு பதினேழு வந்தது.

தலைவி முன்னால் வந்து என்னைப் பார்த்தாள், பின்னால் பேத்தியைப் பார்த்தாள். எத்தனை பதினேழு இருக்கிறது என்று கேட்டாள். அந்த நேரம் எங்கள் பஸ்ஸுக்குப் பின்னால் நின்ற மீன் கூலர் லொறி மெதுவாக எங்களைக் கடந்தது. லொறிச் சாரதிக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய மனுசி யன்னலால் தலையை நீட்டினாள்.

"ஐயா! பிள்ளையை வங்காலையிலை விட்டிட்டு இஞ்சை நிண்டு கொக்குப் பாக்கிறியளோ?"

அவை கொக்கு அல்ல, பூநாரை. அதைச் சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை.

தலைவி சிரிக்கவில்லை. தன் இருக்கைக்குப் போய், மன்னார் வரும்வரை கொப்பியில் எழுதினாள். பக்கம் திருப்பும் சத்தம் மூன்று தரம் கேட்டது. இவ்வளவு எழுதினால் அது நல்லதாக இருக்காது என்று எனக்குத் தெரியும். கச்சேரியில் நல்லதை எல்லாம் ஒரு வரியில்தான் எழுதுவோம்.

"பிள்ளை துலைஞ்சுபோகும், துலைஞ்சுபோகும் எண்டு நிண்டியள். துலைச்சது ஆர்?" என்றாள் மகள் வீட்டில், தேத்தண்ணிக் கோப்பையை என் முன்னால் வைத்தபடி.

பேத்தி என்னோடு கோபிக்கவில்லை. படுக்கப் போக முன்னர் வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நாளைக்கு வாய் திறக்காதேங்கோ, அம்மப்பா. என்ன நடந்தாலும்."

"சத்தியமாய்" என்றேன்.

வெள்ளிக்கிழமை அதே கந்தோர், அதே மூன்று கதிரைகள். நான் உதடுகளை உள்ளே மடித்து வைத்துக்கொண்டு இருந்தேன். தலைவி கேட்ட முதற்கேள்வி, நேற்று என்ன நடந்தது என்பதுதான்.

பேத்தி ஆங்கிலத்தில் சொன்னாள். மெதுவாகத்தான், ஆனால் இடையில் நிறுத்தாமல். பின்பக்கக் கிணற்றடியில் தூரிகைகள் கழுவிக்கொண்டிருந்தாளாம். பத்தொன்பது தூரிகைகள். (எண்ணியிருக்கிறாள்.) நிமிர்ந்தபோது பஸ் போய்க்கொண்டிருந்தது. கைப்பேசி பைக்குள், பை பஸ்ஸுக்குள். முதலில் அங்கேயே இருந்துவிட நினைத்தாளாம், ஏனென்றால் எண்ணும்போது ஆள் குறைந்தது தெரிந்து பஸ் திரும்பி வரும். பிறகு, அந்த பஸ்ஸில் தன் பாட்டனார் இருக்கிறார் என்பது நினைவுக்கு வந்ததாம். ஆகவே வராது என்று தெரிந்துகொண்டு தெருவுக்கு ஓடினாளாம்.

சத்தியம் செய்தது எவ்வளவு பெரிய பிழை என்று அப்போது விளங்கியது.

கூலர் லொறி கடந்து போய்விட்டதாம். அவள் கத்தினாளாம். கிணற்றடிப் பெண்கள் வாளியைப் போட்டுவிட்டார்களாம். லொறி நின்று பின்னுக்கு வந்ததாம். முன்னால் ஒரு பெண் இருப்பதைப் பார்த்த பிறகுதான் ஏறினாளாம்.

வெளிநாட்டில் இப்படி நடந்து, எந்த வண்டியும் நிற்காவிட்டால் என்ன செய்வாய் என்று தலைவி கேட்டாள்.

அடுத்த வண்டிக்கும் கத்துவேன் என்றாள் பேத்தி.

தலைவி முதல் தடவையாகச் சிரித்தாள். கொப்பியை மூடிவைத்தாள். பதினேழாம் இலக்கத்தை அவளிடமே விட்டுவைக்கத் தாங்கள் விரும்புவதாகச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, வீட்டாருக்குச் சம்மதமா என்று கேட்டாள்.

நான் பேசவில்லை. சத்தியம் சத்தியம்தான். என்ன நடந்தாலும் என்று அவள் சொல்லியிருந்தாள், விதிவிலக்கு எதுவும் சொல்லவில்லை. விநாடிகளை எண்ணினேன். பத்து. பதினைந்து. தலைவியின் முகத்தில் சிரிப்பு மெல்ல இறங்கியது. அவள் கொப்பியை மறுபடி திறந்தாள். மூடியைக் கழற்றி, பேனையைத் தாளில் வைத்தாள். இருபத்திரண்டு.

"அம்மப்பா!"

அப்படி ஒரு சத்தத்தை எங்கள் குடும்பத்தில் யாரும் போட்டதில்லை. தலைவியின் பேனை கீழே விழுந்து மேசைக்கடியில் உருண்டது. பக்கத்து அறையிலிருந்து சுவாமி எட்டிப் பார்த்தார். வெளியே மதிலோரம் நின்ற இரண்டு கழுதைகள் ஓடின.

"இது உங்களிட்டைக் கேட்டது!"

"ஓம்" என்றேன். பிறகு, யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று, ஆங்கிலத்திலும் ஒரு முறை சொன்னேன்.