கீழே நாங்கள், மாடியில் அவள்

எனக்கு நடப்பதென்றாலே எரிச்சல். கம்பெனியில் ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வந்தவளை, மறுபடி ஷூ மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு வா என்றால் கோபம் வராதா? ஆனால் பேரிகை அக்காவிடம் யார் கோபமும் எடுபடாது. பேரிகையிலிருந்து ஓசூருக்கு வந்து, எங்கள் கம்பெனி கேன்டீனில் சமைக்கிறவர். சாயங்காலமானால் தெருவில் நின்று "பதண்டி, பதண்டி" என்று தெலுங்கில் எங்கள் தெருப் பெண்கள் எல்லோரையும் கிளப்புவார். வராதவள் வீட்டு வாசலில் மொத்தக் கூட்டமும் போய் நிற்கும். அக்கம்பக்கம் வேடிக்கை பார்க்கும். மானத்துக்குப் பயந்துதான் நான் நடக்க ஆரம்பித்தேன்.

எதிர்வீட்டுக்காரிக்கு மட்டும் வர வழியில்லை. சர்க்கரை ஏறிப்போய், இனியும் குறையாவிட்டால் ஊசிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அம்மாவுக்கும் அப்படித்தான் ஊசி போட ஆரம்பித்தார்கள். கடைசியில் காலையே எடுத்தார்கள். ஊசி என்றாலே அவள் முகம் வெளுத்துவிடும். நடந்தே ஆக வேண்டும். ஆனால் மாமியார் பக்கவாதத்தில் படுத்த படுக்கை, கணவருக்கு அந்த நேரத்தில் ஷிஃப்ட். கிழவியைத் தனியே விட்டுவிட்டு எப்படி வருவாள்?

"நீ மொட்டை மாடியில நட. நாங்க உன் வீட்டையே சுத்துறோம். ஏரி எங்க ஓடிரப் போவுது?" என்றார் அக்கா.

அன்றோடு ஏரிக்கரை போயிற்று. அவள் வீட்டைச் சுற்றியுள்ள சந்துகளில் செக்குமாடு மாதிரி நாங்கள், மாடியில் அவள். கீழிருந்து கத்துவோம், மேலிருந்து பதில் வரும். எங்கள் வம்பெல்லாம் ஊருக்கே கேட்டது.

வீட்டில் மற்றவர்கள் சோறு தின்னும்போது தான் மட்டும் ஒரு பிடி கேழ்வரகுக் களியும் கீரையும் தின்பது தண்டனை மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் அழுதாள். அக்கா எங்கள் எல்லோரையும் களிக்கு மாற்றினார். தட்டைப் படம் பிடித்து எங்கள் வாட்ஸப் குரூப்பில் போட வேண்டும். விருதுநகர்ப் பக்கத்துக்காரியான எனக்குக் களி தொண்டையில் இறங்கவே நாளாயிற்று. ஒருத்திக்கு வந்த நோய்க்கு ஒரு தெருவே பத்தியம் இருந்தது. அந்தப் பெண்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கிறது.

நடுவில் ஒருமுறை பரிசோதித்தபோது சர்க்கரை இன்னும் ஏறியிருந்தது. அன்று மாடியில் ஆளில்லை. கூப்பிட்டுப் பார்த்தோம்.

"விடுங்கக்கா. நடந்து என்னா ஆச்சு?" என்று வீட்டுக்குள்ளிருந்து அவள் அழுகிற குரல்தான் வந்தது.

நாங்கள் வாசலிலேயே நின்றோம். அப்போது ஜன்னலோரக் கட்டிலிலிருந்து மாமியாரின் குரல் குழறிக் குழறி வந்தது.

"ஏய்... மேல போ. எனக்கு ஒண்ணும் ஆவாது. அவங்க நிக்கிறாங்க பாரு."

அவர் அத்தனை வார்த்தை சேர்த்துப் பேசி நான் கேட்டதேயில்லை. சற்று நேரத்தில் மாடியில் அவள் தலை தெரிந்தது. நாங்களும் நடந்தோம்.

அடுத்த பரிசோதனையில் குறைந்திருந்தது. இப்போதைக்கு ஊசி வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை மாடியிலிருந்தே கத்திச் சொன்னாள். அழுமூஞ்சி என்று அவளைக் கேலி செய்கிற நான், நடுத்தெருவில் நின்று அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு ஒருநாள் லீவு விட்டால் என்ன என்று அக்காவிடம் கேட்டதும் நான்தான்.

அக்கா வாய் திறப்பதற்குள் ஜன்னலிலிருந்து குழறிக் குழறிப் பதில் வந்தது.

"கொறஞ்சிருச்சுன்னு நின்னுராதீங்க. நாளைக்கும் வாங்க."