மெத்தையை ஊற்றி ஓட்டிய வேன்

போன வாரம் எங்கள் பனியன் யூனிட்டுக்கு ஒரு ஜெர்மனிக்காரர் வந்திருந்தார். குழந்தைகள் டி-ஷர்ட்டுக்கு சாம்பிள் பார்க்க. பார்த்தார், இழுத்தார், முகர்ந்தார்... (சரக்கு வாங்க வருகிற இந்த பையர்கள் துணியை ஏன்தான் முகர்ந்து பார்க்கிறார்களோ!) எல்லாம் முடிந்து இளநீர் குடிக்கும்போது பர்ஸிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார்.

பெண்டாட்டி பிள்ளை போட்டோ என்று நினைத்து வாங்கினேன். பார்த்தால் – ஒரு வேன்!

உள்ளேயே கட்டில், உள்ளேயே அடுப்பு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. லீவு விட்டால் அவரும் மனைவியும் அதில் ஏறி ஊர் ஊராகப் போவார்களாம். போன இடத்தில் சமையல், நின்ற இடத்தில் தூக்கம். "டீசல் விலை ஏறிப்போச்சு. இந்த வருஷம் கடல் வரைக்கும் போகவில்லை, பாதியிலேயே திரும்பிவிட்டோம்" என்றார். சொல்லும்போது மனிதருக்கு நிஜமாகவே முகம் வாடிவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்களிடமும் இப்படி ஒரு வேன் இருந்தது. டீசல் விலை ஏறியதும் நாங்களும் பாதியில் திரும்பத்தான் பார்த்தோம்" என்றேன்.

"அப்புறம்?"

"மெத்தையைக் கொடுத்து டீசல் போட்டோம்."

கூட வந்த ஏஜென்ட் இதை என்ன இங்கிலீஷில் சொன்னாரோ தெரியாது, ஜெர்மனிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு பிளேனைப் பிடிக்கப் போய்விட்டார். நீங்கள் பிளேன் பிடிக்க வேண்டியதில்லை அல்லவா? கேளுங்கள்.

அது வளைகுடாவில் சண்டை மூண்ட வருஷம். திருப்பூர் மண்ணரையில் நானும் வீட்டுக்காரரும் ஐந்தாறு தையல் மெஷினை வைத்துக்கொண்டு பனியன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். தீபாவளி வந்தால் திருப்பூரே ஒரு வாரம் இழுத்து மூடிவிடும் – உங்களுக்குத் தெரியாததா? வெளியூர்க்காரர்கள் எல்லாம் பஸ் ஏறிவிடுவார்கள். மிச்சமிருந்த உள்ளூர்க்காரர்கள் பத்துப் பேரும் சேர்ந்து, நம் வேனிலேயே டூர் போவோம் என்று முடிவு செய்தோம். வருஷம் பூராவும் இதற்கென்று சீட்டுப் போட்டிருந்தார்கள்.

வேன் என்றால் ஜெர்மனி வேன் இல்லை. வாரத்தில் ஆறு நாள் சாயப்பட்டறைக்குத் துணி சுமக்கிற வண்டி. அதில் மண்ணெண்ணெய் ஸ்டவ், இட்லிக் குண்டா, அரிசி மூட்டை, தண்ணீர் டிரம் எல்லாம் ஏற்றினோம். படுக்கை? அதற்குத்தான் நம் ஊரில் பஞ்சமே இல்லாத பொருள் இருக்கிறதே – வேஸ்ட்!

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பனியனுக்குத் துணி வெட்டும்போது ஓரத்தில் மிஞ்சுகிற துண்டுகள்தான் வேஸ்ட். பூப்போல இருக்கும். நாலு வெள்ளை வேஸ்ட் மூட்டைகளை அடியில் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்தோம். உட்கார்ந்தால் அப்படியே உள்ளே அமுங்கியது. டிரைவர் ராசண்ணன் ஏறிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, இது வேனுங்களா? ஓடற ஊடுங்க!" என்றார். அன்றிலிருந்து அதுதான் பெயர்.

பழனி, மதுரை, திருச்செந்தூர், கடைசியில் கன்னியாகுமரி. இதுதான் பிளான். எல்லோருக்கும் அது டூர். ஒருத்திக்கு மட்டும் டூர் இல்லை.

ஸ்டெல்லா. தைத்ததைச் சரிபார்க்கும் எங்கள் செக்கிங் டேபிளில் வேலை செய்த பெண். நம் ஊரை அடுத்த குண்டடம் பக்கம் ஊர். அப்பா, அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். ஒரே தங்கையைக் கன்னியாகுமரிக்குப் பக்கத்துக் கடலோர ஊரில் கட்டிக் கொடுத்திருந்தாள். அந்தத் தங்கைக்கு முதல் குழந்தை பிறந்து, ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். ஸ்டெல்லாதான் ஞானத்தாய். குழந்தைக்கு வெள்ளைச் சட்டை ஞானத்தாய்தான் கொண்டுபோக வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

"எனக்குன்னு பொறந்த ஊட்டு ஆளுங்க யாருமில்லீங்கக்கா. நீங்க அத்தனை பேரும் வந்து எறங்குனீங்கன்னா, எந்தங்கச்சி அந்த ஊருக்குள்ள தலை நிமுந்து நிப்பாளுங்க" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் சரி என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது அறிவிப்பு – டீசல் விலை உயர்வு! கொஞ்சநஞ்சம் இல்லை, ஒரே தாவல். சீட்டுப் பணமோ பழைய விலைக்குப் போட்ட கணக்கு.

கிளம்பாமல் இருக்க முடியுமா? கிளம்பிவிட்டோம். லாட்ஜ் கேன்சல் – அதுதான் ஓடற ஊடு இருக்கிறதே. ஹோட்டல் சாப்பாடு கேன்சல் – வழியெல்லாம் புளிசோறுதான். ராசண்ணன் நாற்பதுக்கு மேல் ஸ்பீடை ஏற்றவே இல்லை. "மெதுவாப் போனாத்தானுங்க மைலேஜ்" என்று சொல்லிச் சொல்லி, ஒரு மாட்டுவண்டிக்காரரே எங்களைப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு ஓட்டினார். அப்படியும் மதுரை பங்க்கில் டேங்க்கை நிரப்பியபோது டீசல் பணத்தில் பெரிய ஓட்டை விழுந்திருந்தது.

வீட்டுக்காரர் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "திருச்செந்தூரோட திரும்பிக்கலாமுங்க. அதுக்கு மேல போனா ஊரு வந்து சேர டீசல் இருக்காது. ஸ்டெல்லாவை திருச்செந்தூர்ல பஸ் ஏத்தி விட்டர்லாம்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை. நடுரோட்டில் பத்துப் பேரோடு நின்றால் யார் பதில் சொல்வது? நானும் தலையாட்டினேன். வாக்குக் கொடுத்தவள்தான்... ஆனாலும் ஆட்டினேன்.

ஸ்டெல்லா, "பரவாயில்லீங்கக்கா, நான் பஸ்ஸுலயே போய்க்கறனுங்க" என்றாள். சொல்லிவிட்டு ஸ்டவ்வைத் துடைக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே துடைத்து வைத்த ஸ்டவ் அது.

விலைவாசி ஏறினால் எதை முதலில் விடுகிறோம், எதைக் கடைசியில் விடுகிறோம் என்பதில் நம் யோக்கியதை தெரிந்துவிடுகிறது. நாங்கள் முதலில் லாட்ஜை விட்டோம். அப்புறம் ஹோட்டலை விட்டோம். மூன்றாவதாக ஒரு மனுஷியை விடப் பார்த்தோம். அவ்வளவு சீக்கிரம்!

மறுநாள் சனிக்கிழமை. காலையில் கோவில்பட்டிப் பக்கம் ரோட்டோரமாக ஒரு லாரி ஷெட். பக்கத்திலேயே பங்க். குழாயில் தண்ணீர் பிடிக்க நிறுத்தினோம். ஸ்டெல்லா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். ராசண்ணன் வழக்கம்போல மூட்டையிலிருந்து ஒரு கை வேஸ்ட்டை உருவி கண்ணாடியைத் துடைத்து, துடைத்ததை வழக்கம்போல வீசி எறிந்தார்.

ஷெட்டிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். கை முழுக்க கிரீஸ். மெக்கானிக். எறிந்த துணியைக் குனிந்து எடுத்து, ஏதோ பட்டுப்புடவை போல விரித்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இத எதுக்கு எறியுதீக? இந்தத் திருப்பூர் துணிக்குத்தான் நாங்க அலையாத எடமில்ல. வர்றதெல்லாம் கலர் துணி, நைலான் துணி. எண்ணெயே குடிக்க மாட்டேங்கு."

நாங்கள் வேஸ்ட் என்கிறோம். அவர் 'திருப்பூர் துணி' என்கிறார். என்ன மரியாதை பாருங்கள்!

"எங்ககிட்ட மூட்டையா இருக்குதுங்க" என்றேன். சும்மா பெருமைக்குத்தான் சொன்னேன். மெக்கானிக் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். "யக்கா, இதுக்கு மேலயா படுத்துட்டு வாறீக?"

அப்புறம் பேரம் பேச என்ன இருக்கிறது? அவரே பங்க்குக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மூன்று மூட்டை அவருக்கு. பதிலுக்கு எங்கள் டேங்க் வாய் வரை டீசல். இரண்டு கேனில் தனியாக. கன்னியாகுமரி போய்விட்டுத் திரும்பவும் தாராளமாகப் போதும் என்றார் ராசண்ணன். நான்தான் நின்று மூட்டையைக் காட்டினேன். "அந்த ஓரத்து மூட்டையையும் குடுத்துருங்க, அதுதான் நல்லா ரொம்பியிருக்குது." இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடத்தோடு வந்த ஸ்டெல்லாவிடம், "கண்ணு, எல்லாருமே வர்றோம்!" என்றேன். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதாள், சிரித்தாள். மெக்கானிக்கிடம் போய், தங்கை ஊர் பெயர், சர்ச்சுக்குப் பின்னால் மூன்றாவது வீடு, நாளைக் காலை எட்டு மணிக்கு ஞானஸ்நானம் என்று அவர் கேட்காததையெல்லாம் சொன்னாள். அவரும் கிரீஸ் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

மிச்சமிருந்த ஒரு மூட்டையை அந்த ஓரத்துக்கே தள்ளி வைத்துவிட்டு, மீதிப் பயணம் முழுக்க பலகையில் குலுங்கினோம். திருச்செந்தூரில் சாமி கும்பிடும்போது எனக்கு இடுப்பு வலியும் சந்தோஷமும் சம அளவு. சாயங்காலம் வெயில் இறங்குமுன் தங்கை வீட்டு வாசலில் பத்துப் பேரும் பழம், பூ, வெற்றிலைத் தட்டோடு இறங்கினோம். அந்தப் பெண் ஓடி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டதை இப்போது நினைத்தாலும் கண் நிறைகிறது.

"சட்டை எங்க?" என்று தங்கையின் மாமியார் ஆசையாகக் கேட்டார்.

ஸ்டெல்லா வேனுக்கு ஓடினாள். மிச்சமிருந்த ஒரே மூட்டைக்குள் கையை விட்டாள். தேடினாள். மூட்டையையே கவிழ்த்துக் கொட்டினாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அக்கா... ஓரத்துல இருந்த மூட்டை எங்கீங்க?"

பெட்டியில் வைத்தால் மடிப்பு விழுந்துவிடும் என்று, மத்தியான லன்ச் டைமில் ஒவ்வொரு தையலாக அவள் தைத்த வெள்ளைச் சட்டையை, வெள்ளை வேஸ்ட் மூட்டைக்குள் பொதித்து வைத்திருந்தாள். திருப்பூர்க்காரியைத் தவிர வேறு யாருக்கு இந்த யோசனை வரும்? ஞானஸ்நானத்துக்கு அவளைக் கொண்டுவந்து சேர்த்த அதே டீசலுக்கு, அந்தச் சட்டையையே நான் கொடுத்திருந்தேன்.

மாமியார் கடிந்துகொள்ளவில்லை. "இருக்கதப் போட்டுக்கலாம்மா" என்றார். அது இன்னும் சுட்டது. பனியன் கம்பெனியிலிருந்து பத்துப் பேர் போயிருக்கிறோம் – ஒரு குழந்தைச் சட்டை இல்லை! ஸ்டெல்லா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்க மேல தப்பில்லீங்கக்கா, நாந்தான் சொல்லோணும், சொல்லாம உட்டுட்டனுங்க" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஞாயிறு காலை. சர்ச் வாசலில் எல்லோரும் நிற்கிறோம். குழந்தைக்கு மஞ்சள் பூப்போட்ட பழைய கவுன். முதல் மணி அடித்துவிட்டது. அப்போது தெரு முனையில் ஹாரன் சத்தம்... மீன் ஏற்ற வந்த காலி லாரி ஒன்று, எங்கள் வேனுக்குப் பின்னால் வந்து நின்றது.

டிரைவர் இறங்கினார். "திருப்பூர் வேன் இதானே? ஸ்டெல்லாங்கிறது யாரும்மா?"

நியூஸ்பேப்பரில் கட்டிய ஒரு பொட்டலம்.

"கோவில்பட்டி மெக்கானிக் குடுத்து விட்டாரு. பம்ப்பத் தொடைக்க ஒரு கை துணி எடுத்திருக்காரு, சின்னதா ஒரு கை வந்துச்சாம். சட்டைக் கை. மனுசன் பதறிட்டாரு. ராத்திரியே எனக்கு ஆளு விட்டு, எட்டு மணிக்குள்ள போயிரணும்னு சத்தியம் வாங்கிட்டாருல்லா!"

பிரித்தால் – வெள்ளைச் சட்டை. கசங்காமல். கீழ் ஓரத்தில் மட்டும் ஒரு பெருவிரல் அளவுக்கு ஆயில் கறை. கூடவே ஒரு பாக்கெட் கடலைமிட்டாய். பல் முளைக்காத குழந்தைக்குக் கடலைமிட்டாய்! (நாங்கள் சாப்பிட்டோம், வேறு என்ன செய்ய?)

லாரி டிரைவர் ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். இரண்டாவது மணி அடிப்பதற்குள் கவுனைக் கழற்றிச் சட்டையை மாட்டினோம். ஃபாதர் கறையைப் பார்த்தார். எங்கள் பத்துப் பேர் முகத்தையும் பார்த்தார். குழந்தையின் தலையில் தண்ணீரை ஊற்றினார். ஸ்டெல்லா நிமிர்ந்து நின்றாள். அவள் தங்கை அதைவிட நிமிர்ந்து நின்றாள்.

திரும்பி வரும்போது கோவில்பட்டியில் நிறுத்தினோம். ஞாயிற்றுக்கிழமை, ஷெட் பூட்டிக் கிடந்தது. ஒரு வருஷம் கழித்துப் போனபோது அந்த இடத்தில் டயர் கடை. அந்த மனிதரின் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. ஊரும் பேரும் கேட்காமல் கேட்டதெல்லாம் டீசல்தான்.

இன்றைக்கு எங்கள் யூனிட் கொஞ்சம் பெரிசாகிவிட்டது. ஸ்டெல்லாதான் செக்கிங் சூப்பர்வைசர். வேஸ்ட் மூட்டை எது வெளியே போனாலும் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிப் பார்த்துத்தான் அனுப்புவாள். பார்த்துவிட்டு இன்னொரு காரியமும் செய்வாள். நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை, எப்போது ஆரம்பித்தது என்றும் தெரியாது. தெற்கே போகிற ஒவ்வொரு மூட்டையிலும், நல்ல துணியில் தைத்த ஒரு குழந்தைச் சட்டையைப் பொதிந்து வைத்துவிடுவாள். எந்த ஷெட்டிலாவது, எந்த மெக்கானிக் வீட்டிலாவது ஒரு குழந்தை இருக்காதா என்ன?

வீட்டுக்காரர் அதையும் 'வேஸ்ட்' என்றுதான் சொல்கிறார். ஆனால், மூட்டையைக் கட்டும் முன்பு, "சட்டை வச்சாச்சுங்களா?" என்று கேட்பவரும் அவர்தான்!