நோயின் பெயர் இல்லாத விடுப்புக் கடிதம்

ஷூ லேஸைக் கட்ட முடியவில்லை. அதுதான் முதல் அறிகுறி. மதுரையில் ஒரு காலைப் பயிற்சி. குனிந்தபோது விரல்கள் மரத்துப்போயின. நெஞ்சு படபடத்து மூச்சு அடைத்தது. சாகப் போகிறேன் என்றே நினைத்தேன். மருத்துவமனைப் பரிசோதனையில் இதயம் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள்.

நான் ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு நிறுவனத்தில் வேலை. பாதி நாள் மேஜை, பாதி நாள் மைதானம். அணித் தேர்வுக்கு இரண்டு மாதமே இருந்ததால், அதே படபடப்பு வாரந்தோறும் வந்தும் யாரிடமும் சொல்லவில்லை.

விடுமுறைக்கு மலைமேல் இருக்கும் என் ஊரான கூக்காலுக்குப் போயிருந்தபோது, பூண்டுக் காட்டில் அம்மாவின் கண்ணெதிரிலேயே வந்துவிட்டது. மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸில் என்னைக் கொடைக்கானலுக்கு அழைத்துப் போனார்.

மனநல மருத்துவர் அரை மணி நேரம் நான் சொன்னதைக் கேட்டார். “இதுக்குப் பேரு பேனிக் டிஸார்டர்” என்றார் (வெளிக்காரணம் இல்லாமலே திடீர் திடீரெனப் பேரச்சம் உடலைப் பற்றிக்கொள்ளும் நோய்). “குணமாகும். ஆனா ஆறு வாரத்துக்குப் போட்டியும் வேணாம், ஆபீஸும் வேணாம்.”

நிம்மதியில் எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. எனக்கு முன்னால் யாருக்கோ வந்திருக்கிறது, போயும் இருக்கிறது. அந்த அறையிலிருந்து ஓடியே வெளியே வந்தேன்.

உடனே திரும்பிப் போய்க் கேட்டேன். “ஆபீஸுக்கு என்னன்னு எழுதுறது டாக்டர்?”

“எத்தனை நாள் ஓய்வு, எப்ப திரும்பி வரலாம், அவ்வளவுதான். நோயோட பேரு உங்களோடது. உங்க சம்மதம் இல்லாம நான் வெளிய சொல்லக் கூடாதுன்னு சட்டமே இருக்கு.”

அவர் தந்த மருத்துவச் சான்றிதழை அனுப்பிய மூன்றாம் நாள் விளையாட்டுப் பிரிவு அதிகாரி போன் செய்தார். “என்ன வியாதின்னே போடலையேம்மா. முத்திரையப் பாத்தா மனநல டாக்டர் மாதிரி தெரியுது. முழு ரிப்போர்ட்டையும் அனுப்பு.”

“ஓய்வு நாள் எழுதியிருக்குல்ல சார்” என்றேன். வைத்துவிட்டார்.

அன்று மாலை என் சான்றிதழின் படம் அணியின் வாட்ஸ்அப் குழுவில் கிடந்தது. போட்டவர் அவரே. கீழே யாரோ சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். எங்கள் ஊர் ஏரிக்கரையில் நின்று அதைப் பார்த்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “சோலி போனாப் போகுது புள்ள. காடு கெடக்கு, பொழச்சுக்கலாம்.”

“நான் ஏம்மா விடணும்? தப்புப் பண்ணது நானில்லையே.”

அந்தக் கேள்வி என்னை எழுப்பிவிட்டது. நிறுவனத்தின் பணியாளர் பிரிவுத் தலைவருக்கு ஒரே பக்கத்தில் கடிதம் எழுதினேன். நான் எத்தனை நாள் வரமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், என் இடத்தில் ஓட ஆள் பார்க்க வேண்டும். அதற்கு நோயின் பெயர் எதற்கு? என் சான்றிதழைப் போட்டதுபோல், முழங்கால் சவ்வு கிழிந்த வீரரின் ஸ்கேனைக் குழுவில் போட்டீர்களா? சந்தேகம் இருந்தால் உங்கள் மருத்துவர் என் சம்மதத்தோடு என் மருத்துவரிடம் பேசட்டும்.

அனுப்பும்போது நெஞ்சு அடித்துக்கொண்டது. பயத்தில் அல்ல. கடைசிச் சுற்று மணி அடித்ததும் வருமே, அந்த வேகம்.

நான்கு நாள் கழித்து அந்தத் தலைவரே அழைத்தார். “படத்தக் குழுவுலருந்து எடுத்தாச்சும்மா. நடந்தது தப்பு, எழுத்துலயே தர்றோம். லீவு சாங்ஷன். இனி யாரோட மெடிக்கல் பேப்பரும் எங்க டாக்டர்கிட்ட மூடுன கவர்லதான் இருக்கும்.”

‘யாரோட பேப்பரும்’ என்றார். எனக்கு மட்டும் இல்லை. நான் வாய்க்காலைத் தாண்டிக் குதித்து, பூண்டுப் பாத்திகளின் ஓரமாகவே அம்மாவிடம் ஓடினேன்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. படத்தைப் பார்த்தவர்கள் பார்த்தவர்கள்தான். அணித் தேர்வும் போயிற்று. மாத்திரையும் வாராந்திர மனநல ஆலோசனையும் ஆறு வாரத்தைத் தாண்டியும் தொடர்ந்தன. நடுவில் இரண்டு முறை அந்தப் பேரச்சம் திரும்பி வந்தது. இரண்டு முறையும் ஓடி ஒளியாமல் அது அடங்கும்வரை இருந்தேன்.

வேலைக்குத் திரும்பிய வாரம், அணியில் சம்மட்டி எறியும் தோழி போன் செய்தாள். “அக்கா, எனக்கு ஆறு மாசமாத் தூக்கமே இல்ல. அந்த லெட்டர எப்படி எழுதுனீங்க?”

“மொதல்ல டாக்டரப் பாரு. லெட்டர நாம சேந்து எழுதுவோம்” என்றேன். இதைப் படிக்கும் உங்களுக்கும் சொல்ல அதுவே என்னிடம் உள்ளது.

போன ஞாயிறு ஊரில் தூங்கி எழுந்தபோது மணி பத்து. இத்தனை வருடமாக என் நாள் விநாடிகளாக நறுக்கப்பட்டுக் கிடந்தது. உடம்பை நான் ஓட்ட மட்டுமே செய்தேன், அதற்கு என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. அன்று கேட்டேன். பசிக்கிறது என்றது. நான்கு தோசை தின்றேன். இன்னும் வேண்டும் என்றது. நாள் முழுக்க மிச்சமிருந்தது.