துணி சுற்றிய பேட்டரி ஒயர்

எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத வந்திருக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் சொல்ல எனக்கு நா எழாது. பேய், பிசாசு என்று எதையும் நான் நம்பியவன் இல்லை.

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு என்னுடைய பழைய பெட்ரோல் காரில் ஆள் ஏற்றிப் போகிறேன். மனைவி செல்விக்கும் அங்கேதான் வேலை. அந்த வாரம் காரில் டைனமோ போய்விட்டது, ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை. சீசன் நேரம், வண்டியை நிறுத்த முடியாது. தினமும் பேட்டரியைக் கழற்றி வீட்டில் சார்ஜ் போட்டு ஓட்டினேன். கம்பெனிக்குள் வண்டி நின்றால் பேட்டரி ஒயரைக் கழற்றித் துணி சுற்றி வைக்க வேண்டும், ஒரு பொறி பட்டாலும் போச்சு. அன்றும் வைத்தேன்.

மதியம் அவள் வேலை பார்க்கும் ஷெட்டுக்குப் பின்னால் செல்வியைப் பாம்பு கடித்துவிட்டது. அவளோடு வேலை பார்க்கும் மாரியக்கா கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏலே, என்ன மசமசன்னு நிக்கெ? வண்டிய எடுலே! ஆம்புலன்சு வர முக்கா மணி நேரம் ஆகுமாம்!"

பின்சீட்டில் மாரியக்கா மடியில் அவளைப் படுக்கவைத்து, சாவியைத் திருப்பினேன், உடனே கிளம்பிவிட்டது. விருதுநகர் ரோட்டில் செல்விக்கு இமை சொருகியது. முன்னால் சார்ஜ் இல்லை என்று காட்டும் சிகப்பு விளக்கு வழியெல்லாம் எரிந்தது. எந்த நிமிஷமும் நின்றுவிடும் என்று எனக்கு உயிரே இல்லை.

"நின்னுறாத தாயி, நின்னுறாத."

"எங்கிட்டயா சொல்றீக, வண்டிகிட்டயா?" என்றாள் செல்வி, நாக்குக் குழற.

"ரெண்டு பேருகிட்டயுந்தான்."

ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கிய நொடியில் இஞ்சின் தானாக நின்றது, விளக்கும் அணைந்தது. ஊசி போட்டார்கள். சாயங்காலம் செல்வி தண்ணீர் கேட்டாள்.

பிறகுதான் வண்டியை ஓரங்கட்டப் போனேன். சாவியைத் திருப்பினேன், வண்டி அசையவில்லை. பானெட்டைத் திறந்தேன். நம்பினால் நம்புங்கள், பேட்டரி ஒயர் கழன்றே கிடந்தது. நான் காலையில் சுற்றிய துணி, நான் போட்ட முடிச்சு. அவசரத்தில் மாட்ட மறந்திருக்கிறேன். டைனமோவும் இல்லை, பேட்டரியும் இல்லை, இருபது கிலோமீட்டர் வந்திருக்கிறோம். அந்தச் சிகப்பு விளக்கு எந்தக் கரண்டில் எரிந்தது? இன்றும் சாவியைத் திருப்பி அது எரிந்தால், இறங்கிப் பானெட்டைத் திறந்து ஒயரைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

மறுநாள் மெக்கானிக்கைக் கூட்டிப்போய்க் காட்டினேன். "அண்ணே, விளையாடுதீகளா? இது எப்படி இங்கன ஓடி வந்துச்சு?" என்றார். ஒயரை மாட்டிச் சாவியைத் திருப்பினார். வீட்டில் முழுக்கச் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்த பேட்டரியில் சொட்டுக் கரண்ட் இல்லை. கயிறு கட்டி இழுத்துப் போனோம்.