முத்துமாரி அக்காவின் கையும் மீன்குஞ்சின் வாலும்

இந்த ஊர் ஆய்வகத்தில் மீன்குஞ்சின் வாலை நறுக்குவதற்கு முன் அதற்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டும். ஜெர்மனிக்கு வந்து சில ஆண்டுகள் ஆகியும் எனக்கு இது பழகவில்லை. குஞ்சு என்றால் இமைமுடி அளவுதான். முட்டையைவிட்டு அப்போதுதான் வெளிவந்த, உடம்பு இன்னும் உருவாகி முடியாத, கண்ணாடி போன்ற உயிர். மருந்து கலந்த நீரில் அது அசைவற்றுப் போகும்வரை பொறுத்திருந்து, பிறகுதான் கத்தியை எடுப்போம். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் கை வெந்த என் அக்கா முத்துமாரிக்கு, புண்ணில் ஒட்டிய துணியை உரித்தபோது யாரும் அப்படிப் பொறுத்திருக்கவில்லை. அவள் என் தோளைக் கடித்துக்கொண்டாள். நான் அப்போது விருதுநகரில் கல்லூரி மாணவி.

நுண்ணோக்கியில் நான் பார்ப்பது இதுதான். வால் அறுபட்ட சில நிமிடங்களில் காயத்தின் விளிம்பிலுள்ள செல்கள் ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகின்றன. புண் கழுவ மருந்துக்கடையில் வாங்குவோமே, நுரைத்துப் பொங்கும் அந்தத் திரவத்தில் இருப்பதுதான். அளவு கூடினால் செல்லையே அரித்துவிடும். துளியினும் துளியாக இருக்கும்போது அது ஒரு செய்தி. இங்கே அடிபட்டிருக்கிறது என்று தொலைவிலிருக்கும் வெள்ளணுக்களைக் கூப்பிடுகிறது. கால்சியம் அலையாகப் பரவி அக்கம்பக்கத்துச் செல்களை உசுப்புகிறது. காயம் சுருக்குப்பையின் வாய்போல இழுபட்டு மூடுகிறது. தழும்பே இல்லை. இந்தச் செய்திகளைத் தடுத்தால் வால் சரியாக வளர்வதில்லை. ஏன் என்று தேடுவதே என் வேலை. வளர்ந்த மனித உடம்போ அவசர அவசரமாக நார்போட்டுப் புண்ணை அடைக்கிறது. அதனால்தான் அக்காவின் வலக்கை விரல்கள் இன்றும் நீட்ட வராமல் மடங்கியிருக்கின்றன.

சென்ற இலையுதிர்காலக் கடைசியில் எங்கள் ஆய்வகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாள் வந்தது. பேராசிரியர் ஹான்னா நல்லவர். "உன் அக்காவின் கையைப் படமாகப் போடலாமே, மனதைத் தொடும்" என்றார். அக்காவைக் கேட்க வேண்டும் என்றேன். "கையொப்பம்தானே, சுலபம்" என்று சிரித்தார். நான் சொன்னது அதுவல்ல என்று அவருக்கு விளக்க எனக்கு ஜெர்மன் போதவில்லை.

அக்கா தொலைபேசியில் முழுவதும் கேட்டாள். "படத்தைப் பாத்துட்டு அங்கன என்ன செய்வாக பாப்பா?"

"வருத்தப்படுவாக."

"வருத்தப்பட இங்கனயே அம்புட்டுப் பேரு இருக்காக. நேத்து ஆலையில ஆர்டர் கூடிப்போச்சுன்னு, வெடிச்சா ஓடித் தப்பிக்க நாலு பேரு மட்டும் இருக்க வேண்டிய ரூம்ல எட்டுப் பேர உக்காரச் சொன்னாக. நான் எந்திரிச்சு வேப்பமரத்தடிக்கு வந்துட்டேன். மத்த பிள்ளைகளும் பின்னாலயே வந்துருச்சுக. நாளையிலருந்து வேலைக்குக் கூட்டிப்போற வேன் உங்க தெருவுக்கு வராதுன்னு சொல்லிட்டாக. இத அங்கன சொல்லு. கைய விடு."

படம் இல்லாமலே பேசினேன். குஞ்சின் வால்காயம் மூடும் காட்சியைக் கண்டு கூட்டம் வியந்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர், உங்கள் நாட்டுத் தொழிலாளர்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்றார். "இல்லை" என்றேன். இது கருவின் தோலுக்குத் தெரிந்த வித்தை, வளர்ந்தவர்களுக்கு மருந்தாக வர நெடுங்காலம் ஆகலாம், வராமலும் போகலாம். என் அக்காவுக்கு இன்று வேண்டியது மருந்தல்ல, அறையில் குறைவான ஆட்கள். அதைக் கேட்டதற்காக அவள் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறாள் என்றும் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. ஹான்னா முகம் சிவந்து, "மனம் புண்பட்டுவிட்டதா?" என்று கேட்டார். இல்லை, கோபம் என்றேன். அவர் அதற்கும் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு எனக்கு வேண்டியிருக்கவில்லை. கோபம் என்னிடமே இருக்கட்டும். அதோடுதான் நான் ஆராய்ச்சி செய்கிறேன்.

அக்காவின் அழைப்பு அடுத்த மாதம் வந்தது, அங்கே விடிந்த வேளையில், இங்கே இரவுச் சோதனைக்காக நான் மீன்தொட்டி அறைக்குள் நுழைந்த நேரத்தில்.

"புது வருச ஆர்டருக்கு வேலை தெரிஞ்ச ஆளு கிடைக்கல போல. இன்னைக்கு வேன் தெருவுல வந்து ஹாரன் அடிக்கான். ரூமுக்கு எத்தன பேருன்னு கேட்டுட்டுத்தான் ஏறுனோம். நாலு பேருதானாம். அஞ்சாவது ஆளு வந்தா மறுபடி மரத்தடிதான்."

பின்னால் பெண்களின் சிரிப்பும் வேனின் இரைச்சலும் கேட்டன. இந்த வகை மீனுக்கு நம் பக்கத்துச் சூடு வேண்டும். அதனால் இந்த நகரில் என் உடம்பு ஊரென்று நம்பும் ஒரே அறை அதுதான். சன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கம்பளிக் கோட்டின் ஒரு கையைக் கழற்றியிருந்தேன். மறு கை இன்னும் உள்ளேயே இருந்தது. அப்படியே நின்று, வேன் ஆலைவாசல் சேரும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.