தயிர்சாதத்தில் பிடிபட்ட ஆள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு கோடையில், செஞ்சியில் எங்கள் வீட்டில் மகளுக்கு வளைகாப்பு. மற்ற சாதங்களைச் சமையல்காரரிடம் விட்டுவிட்டு, தயிர்சாதத்தை மட்டும் நான்தான் பிசைவேன் என்று அடம்பிடித்தேன். எனக்குக் கைவந்த ஒரே சமையல் அது. அடுப்புப் பக்கமே போக வேண்டாம் என்பது காரணமாக இருக்கலாம். காலையில் பிசைந்து, மதியப் பந்தி வரை அண்டாவில் மூடி வைத்தேன்.

சாப்பிட்ட சில மணி நேரத்தில் நாலைந்து பேர் வாந்தி எடுக்க ஆரம்பித்தார்கள். குற்றவாளி யாரென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது: பக்கத்து ஊரான அனந்தபுரத்திலிருந்து சம்பந்தியம்மா கொண்டுவந்த பால்கோவா.

"அத அப்பவே பாத்தேன், மூஞ்சியே சரியில்ல."

"பால்கோவாவுக்கு இன்னாங்க மூஞ்சி? மெதுவா பேசுங்க, அவங்க காதுல வுழுந்துடப் போவுது" என்றாள் மனைவி.

விழுந்துவிட்டது. சம்பந்தியம்மா சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டார்.

விழாவுக்கு வந்திருந்த மகளின் தோழி புதுச்சேரியில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து, ஐஸ் வைத்துக் கொண்டுபோனாள். கிருமியை வளர்த்துப் பார்த்து நாள்கணக்கில் காத்திருக்க வேண்டாமாம். அதன் மரபணுவையே தேடி, பல கெட்ட கிருமிகளை ஒரே சோதனையில் பிடித்துவிடுமாம் அவர்களுடைய இயந்திரம். கொரோனாவுக்கு மூக்கில் குச்சி விட்டார்களே, அந்தச் சோதனையின் தங்கச்சி.

மறுநாள் மதியம். சடங்கு அலைச்சலில் மகள் சரியாகச் சாப்பிடவில்லையே என்று ஒரு டப்பா தயிர்சாதத்தை ஃப்ரிட்ஜில் பத்திரப்படுத்தியிருந்தேன். அதை அவள் கையில் கொடுத்த நேரம் போன் அடித்தது. தோழிதான்.

"அங்கிள், பால்கோவாவுல ஒண்ணும் இல்ல. தயிர்சாதத்துலதான் ரெண்டு வகை கிருமி. ஒண்ணு, சாதம் வெயில்ல ரொம்ப நேரம் கெடந்தா பெருகறது. இன்னொண்ணு பெரும்பாலும் கைப்புண்ணுலேருந்து வரும். பிசைஞ்சவங்க கையில காயம் ஏதாவது இருந்துச்சா?"

போனைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். பந்தலுக்கு வாழைமரம் வெட்டியபோது கட்டைவிரலில் பட்ட வெட்டு, சீழ் கட்டியிருந்தது. பிசைய வழுக்குகிறதென்று பிளாஸ்டரைக் கழற்றி வைத்த புத்திசாலியும் நான்தான்.

"சுட வெச்சா போயிடுமாம்மா?"

"அது விட்ட விஷம் சுட வெச்சாலும் போவாது அங்கிள். அவளுக்குக் குடுத்துடாதீங்க, ஏழாம் மாசம்!"

திரும்பினேன். ஸ்பூன் மகளின் வாய்க்கருகில் இருந்தது. கத்தினேனா, பாய்ந்தேனா, இன்றுவரை தெரியாது. டப்பா தரையில் உருண்டது.

"இன்னா நைனா, பைத்தியமா உனக்கு? ஒரு வாயிகூட வெக்கல இன்னும்!"

அந்தத் திட்டைவிட இனிமையான ஒரு வரியை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. தரையில் உட்கார்ந்து, சிந்திய சோற்றை ஒரு பருக்கை விடாமல் வழித்தெடுத்தேன்.

மாலையே அனந்தபுரம் போய் நடந்ததைச் சொன்னேன். சம்பந்தியம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "பால்கோவா மிச்சம் இருக்குது, சாப்டறீங்களா?" என்றார். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டேன்.

கிருமி இருந்தது எனக்குப் பெரிய அதிர்ச்சியில்லை. மகள்மேல் உயிரையே வைத்திருக்கும் என் கையிலிருந்தே அது போயிருக்கிறது என்பதுதான். இப்போதும் பேத்தி சோற்றுக்கு வாய் திறக்கும்போது, உள்ளங்கையையும் விரல்களையும் ஒருமுறை திருப்பிப் பார்க்காமல் என்னால் ஊட்ட முடிவதில்லை.